ஓடைக்கரை நிலத்தாரும் ஓடைக் காப்பும்: இரண்டு மீட்டர் விட்டால் என்ன நட்டம்?

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை நிறத்தில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காத உழவர் இப்பகுதியில் அரிது. முத்திரைப்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டதன் நினைவாக, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் எழுப்பப்பட்டது அது. மண்டபத்தின் பெயருக்குக் காரணமான ஆயி என்பவளைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. அவ்வழியே வந்த ஆட்சியாளர் ஒருவர் அவளுடைய மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டார். அது தாசியின் வீடு என்று பின்னர் தெரிந்ததும் இடித்துவிட ஆணையிட்டார். தன் கையாலேயே இடிப்பதாகக் கேட்டுக்கொண்ட ஆயி, வீட்டை இடித்து அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை.

கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு கற்பனை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் சொந்த இடத்தில் நீருக்கு இடம் விட்ட ஒருத்தியை ஊர் மறக்கவில்லை என்பது மட்டும் மெய். இன்று நிலைமை வேறு. சொந்த நிலத்தின் ஓரமாக ஓடும் ஓடையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சாண், இரண்டு சாண் என வெட்டி வயலோடு சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இதைச் செய்வோர் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் ஒரு காணி, இரண்டு காணி வைத்துப் பிழைக்கும் சிறு உழவர்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள், அதனால் வரும் ஆதாயம் என்ன, போகும் நட்டம் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடை எங்கிருந்து வருகிறது?

புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாக இல்லாமல், விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுடன் பின்னிக் கிடப்பது. ஒரு ஊர் புதுச்சேரி என்றால் அடுத்த ஊர் தமிழகம். அதற்கடுத்தது மீண்டும் புதுச்சேரி. நீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் பெய்யும் மழை சங்கராபரணியாகத் திரண்டு, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் வழியாக வந்து அரியாங்குப்பம் பக்கம் கடலில் சேருகிறது. இந்த ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுடு ஏரிக்குச் செல்கிறது. தெற்கே தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. இப்பகுதியின் ஏரிகளில் பெரியது ஊசுடு, அடுத்தது பாகூர். புதுச்சேரிப் பகுதியின் பாசன ஏரிகள் மொத்தம் 84.

ஆறும் ஏரியும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அவற்றை நிரப்பும் நூற்றுக்கணக்கான சிற்றோடைகள், வாரிகள், வடிகால் பள்ளங்கள், வயல் வாய்க்கால்கள் ஆகியவற்றை யாரும் கணக்கில் கொள்வதில்லை. பெரிய ஓடைகள் வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு. ஆனால் அவற்றில் வந்து சேரும் சிறு நீர்வழிகள் பல இடங்களில் பட்டா நிலத்தின் ஊடாகவே செல்கின்றன. புறம்போக்கு ஓடையின் கரையும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வயல் வரப்புதான். ஆகவே ஏரி நிரம்புவதும் நிரம்பாமல் போவதும் அரசு அலுவலகத்தில் மட்டும் முடிவாவதில்லை. கரை நிலத்தாரின் மண்வெட்டியிலும் முடிவாகிறது.

ஓடை சுருங்கினால் என்ன ஆகும்?

புதுச்சேரிக் கணக்கில் 100 குழி ஒரு காணி. ஒரு காணி சுமார் 5,350 சதுர மீட்டர். அதாவது 1 ஏக்கர் 32 செண்ட். இந்தப் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 53,500 லிட்டர்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த ஒரு நாளில் ஒவ்வொரு காணியிலும் விழுந்த நீர் 24 லட்சம் லிட்டருக்குக் குறையாது. நூறு காணிக்கு ஒரே ஓடைதான் வடிகால் என்றால், அந்த ஓடை 24 கோடி லிட்டரைச் சுமந்து செல்ல வேண்டும்.

இப்போது ஓடையின் அகலத்தைப் பார்ப்போம். 4 மீட்டர் அகலத்தில் 1 மீட்டர் ஆழத்திற்கு நீர் செல்லும் ஓடை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். இரு கரையினரும் ஆளுக்கு ஒரு மீட்டர் உள்ளே வந்துவிட்டால் மீதம் 2 மீட்டர். அகலம் பாதியானால் நீர்ப்போக்கும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. குறுகிய ஓடையில் நீரின் பெரும்பகுதி கரையிலும் அடியிலும் உராய்ந்து செல்வதால் வேகமும் குறைகிறது. சரிவும் ஆழமும் மாறாமல் இருந்தால், நீர்ப்போக்கு முன்பிருந்ததில் சுமார் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். மீதி மூன்று பங்கு நீர் எங்கே போகும்? கரையைத் தாண்டி வயலுக்குள் வரும். எந்த வயலுக்கு என்பதை நீரே முடிவு செய்யும்.

தூர் கட்டும் பருவத்தில் நெல் இரண்டொரு நாள் நீரில் மூழ்கினாலும் தலையெடுக்கும். பூக்கும் பருவத்திலோ கதிர் முற்றும் பருவத்திலோ மூழ்கினால் ஒவ்வொரு நாளும் நட்டக் கணக்கில்தான் சேரும். கதிர் சாய்ந்து நீரில் கிடந்தால் நெல் முளைத்துவிடும். ஓடை தன் முழு அகலத்தில் இருந்தால் வெள்ளமே வராது என்று சொல்வதற்கில்லை. அதே புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரை ஊர்களில் புகுந்த வெள்ளத்தை எந்தச் சிற்றோடையும் தாங்கியிருக்க முடியாது. ஆனால் வந்த நீர் மூன்று நாளில் வடிவதா, ஏழு நாளில் வடிவதா என்பதைச் சிற்றோடைகளே தீர்மானிக்கின்றன. பயிர் பிழைப்பதும் அழுகுவதும் அந்த நாலு நாள் வித்தியாசத்தில்தான்.

உழவர் மனத்தில் உள்ளவை

ஓடையைக் காக்க வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் உழவர் கிடையாது. தம் நிலத்து ஓடை என்று வரும்போதுதான் தயக்கம். அத்தயக்கத்திற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது நல்லது. அவை வெறும் பிடிவாதம் அல்ல. சிலவற்றில் நியாயமும் உண்டு.

1. "என் பட்டாவுல ஓடுது. நான் என்ன செஞ்சா யாருக்கு என்ன?"

பட்டா நிலத்திற்குத் தரும் உரிமை; இயற்கையாக ஓடிவரும் நீரை மறித்து மற்றவரைக் கெடுக்கும் உரிமை அதில் அடங்காது. இது புதுச்சேரிக்குப் புதிய கருத்தும் அன்று. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் 1819-இல் இங்கு நடைமுறைக்கு வந்தது. அதன் 640-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே கூறுகிறது: மேட்டு நிலத்திலிருந்து இயற்கையாக வழிந்து வரும் நீரைப் பள்ளத்து நிலத்தார் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதைத் தடுக்க அணை போடக் கூடாது. மேட்டு நிலத்தாரும் பள்ளத்து நிலத்தாருக்குச் சுமை கூடும்படி எதுவும் செய்யக் கூடாது. பக்கத்துத் தமிழகத்தில் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் இயற்கை நீர்வழி பற்றி இதே போக்கில்தான் பேசுகிறது. ஊர்ப் பெரியவர்கள் சட்டம் படிக்காமலேயே இதைச் சொல்லி வந்தார்கள்.

2. "நான் விட்டா, எதிர்க்கரைக்காரன் பிடிச்சுக்குவான்."

இதுவே மிக வலுவான காரணம். ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவர் ஏமாளி ஆகிவிடுகிறார் என்ற அச்சம் இது. இதற்குத் தனியாள் மருந்து கிடையாது. இரு கரையாரும் ஒரே நாளில், ஒரே அளவில், ஊரார் முன்னிலையில் விட வேண்டும். இதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

3. "ஓடைன்னு ஒத்துக்கிட்டா அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கும்."

கரையில் புல்லும் மரமும் வளர்ப்பதால் பட்டா மாறிவிடாது. சொந்த நிலத்துக்குள் விடும் பட்டை சொந்த நிலமாகவே இருக்கும். புல்லும் தழையும் காயும் உரியவருக்கே. புறம்போக்கு ஓடையை ஆக்கிரமித்திருந்தால் நிலைமை வேறு. பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் ஆக்கிரமித்ததைச் சரிப்படுத்தித் தரும் போக்கை 2011-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆகவே அளந்து, எல்லையைத் தெரிந்துகொண்டு, தாமே பின்வாங்கிவிடுவது பின்னாளில் வழக்கும் செலவும் வராமல் காக்கும்.

4. "இருக்கிறதே ஒரு காணி. அதுலயும் விடச் சொன்னா எப்படி?"

இதற்குக் கணக்கே பதில். ஒரு காணி வயலில் ஓடையை ஒட்டிய பக்கம் 60 மீட்டர் என்று கொள்வோம். அதில் 2 மீட்டர் அகலம் விட்டால் 120 சதுர மீட்டர். அதாவது இரண்டேகால் குழி. காணிக்கு 30 மூட்டை கண்டால், இரண்டேகால் குழிக்கு முக்கால் மூட்டைக்கும் குறைவு. அதுவும் ஓடையோர வயலில் விளைச்சல் எப்போதும் நடுவயலைவிடக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இனி, ஓடைக்குள் 1 மீட்டர் முன்னேறினால் கிடைப்பது என்ன? 60 சதுர மீட்டர், சற்றேறக்குறைய ஒரு குழி. நெல்லாகக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு மூட்டை. ஒரு மழையில் கரை உடைந்து ஐந்து குழி மணல் மேவினால் போவது ஒன்றரை மூட்டை. மணலை அள்ளிச் சமன் செய்யும் கூலி தனி. கால் மூட்டைச் சொச்சத்துக்கு ஆசைப்பட்டு ஒன்றரை மூட்டையைப் பணயம் வைப்பது நல்ல வேளாண்மை ஆகாது.

5. "புதர் வளர்ந்தா எலியும் பாம்பும் வரும், மர நிழல்ல பயிர் விளையாது."

இதில் உண்மை உண்டு. பராமரிக்காத கரை எலிக்கு வீடு. வேலிக்காத்தானும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய கரையைப் பார்த்துத்தான் உழவர் இப்படிச் சொல்கிறார். சரியான செடியைத் தேர்ந்து, ஆண்டுக்கு இரு முறை அறுத்துப் பயன்படுத்தினால் புதர் மண்டாது. நெல் வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுவதும் கிட்டி வைப்பதும் எலியைக் கட்டுப்படுத்தும். கரையில் வரும் சாரைப்பாம்பு எலியைத்தான் தேடி வருகிறது. அதை அடிக்க வேண்டியதில்லை. நிழலுக்கு வழி, செய்முறைப் பகுதியில் கூறப்பட்டுள்ளது.

6. "எனக்குப் போர் இருக்கு. ஓடை எதுக்கு?"

மின்சார மோட்டார் வந்த பிறகு ஏரியின் மீதும் ஓடையின் மீதும் இருந்த அக்கறை குறைந்தது உண்மை. ஆனால் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் மழை நீரே. ஓடையிலும் ஏரியிலும் தேங்கி மண்ணில் இறங்கியதுதான். இறங்குவது குறைந்து, இறைப்பது கூடியதால் கடலோர ஊர்களின் நிலத்தடியில் உப்பு நீர் ஏறிவருகிறது. 2002-இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தப் புதுச்சேரியில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒருமுறை உப்பேறிய கிணற்றை நன்னீர்க் கிணறாக மீட்பது ஒரு தலைமுறைக் காலத்திலும் எளிதன்று.

மனம் எப்படி மாறுகிறது?

மேலே கண்ட ஆறு தயக்கங்களும் சொற்பொழிவால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உழவர்கள் ஒட்டுச் சோள விதையை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்று ரயான், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டனர். வேளாண் விரிவாக்கத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. உழவர்கள் புதிய விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விதை விற்பனையாளரிடமிருந்து. ஆனால் அதை விதைப்பது என்று துணிந்ததற்குப் பெருங்காரணம் பக்கத்து வயல்காரரின் அனுபவம். அதிலும் முதல் ஆண்டில் பலர் நிலத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்தனர்.

ஓடைக் காப்புக்கும் இதுவே பாடம். ஊரில் மதிப்புள்ள ஓர் உழவர் தம் கரையில் 20 மீட்டர் நீளத்திற்கு மட்டும் புல்பட்டை விட்டுக் காட்டினால் போதும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர் கரை நிற்பதையும் பக்கத்துக் கரை சரிவதையும் ஊரே பார்க்கும்.

காட்டுவதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று அருகிலேயே உண்டு. காலாப்பட்டுக்கு மேற்கே உள்ள செம்மண் மேடு ஒரு காலத்தில் மரங்கள் அழிந்து, மழை தோறும் அரித்து, ஆளுயரப் பள்ளங்கள் விழுந்து கிடந்தது. மண் கலந்த சிவப்பு நீர் கடல் வரை ஓடும். 1968-இல் ஆரோவில் தொடங்கிய பின், அங்கு குடியேறியவர்களும் சுற்று ஊர்த் தொழிலாளர்களும் வயலுக்கு வயல் வரப்பு உயர்த்தி, பள்ளங்களுக்குக் குறுக்கே மண் தடுப்புகள் போட்டு, மரம் நட்டனர். இன்று அந்த மேட்டில் காடு நிற்கிறது. மண்ணும் நீரும் பெருமளவு அங்கேயே தங்குகின்றன. எந்திரத்தால் மட்டும் ஆனதல்ல. பெரும்பகுதி மண்வெட்டி வேலை.

கரையைக் காக்கும் செய்முறை

சித்திரை, வைகாசி: ஓடை வறண்டிருக்கும் இக்காலமே அளப்பதற்கும் தூர் எடுப்பதற்கும் ஏற்றது. முதலில் நில அளவை வரைபடத்தைப் பெற்று எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடையின் பழைய அகலத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். தூர் எடுக்கும்போது அடிமட்டத்தைத் தாறுமாறாகத் தோண்டக் கூடாது. மேலிருந்து கீழாக ஒரே சீரான சரிவு வேண்டும். நடுவில் குழி விழுந்தால் நீர் அங்கு தேங்கிக் கரையை அரிக்கும். எடுத்த வண்டலை ஓடைக்கரையில் குவித்தால் அடுத்த மழையில் திரும்ப ஓடைக்கே வரும். அதை வயலில் பரப்பினால் நல்ல உரம்.

ஆனி, ஆடி: கரையைச் செங்குத்தாக வெட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். களிமண் பூமியில் ஓர் அடி உயரத்திற்கு ஒன்றரை அடி சரிவும், மணற்பாங்கான பூமியில் ஓர் அடிக்கு இரண்டு அடி சரிவும் கொடுத்தால் கரை எளிதில் சரியாது.

ஆவணி, புரட்டாசி: மழை பிடிக்கத் தொடங்கியதும் நட வேண்டும். ஓடையோரத்தில் இருந்து வயல் நோக்கி மூன்று வரிசையாகக் கொள்ளலாம்.

முதல் வரிசை, கரைச் சரிவின் மேல் விளிம்பில் வெட்டிவேர். 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நட்டால் அதன் வேர் நேராகக் கீழிறங்கி மண்ணைத் தைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். 60 மீட்டர் கரைக்கு 400 முதல் 600 தூர்கள் தேவைப்படும். ஒருமுறை விலைக்கு வாங்கி வீட்டுக் கொல்லையில் பெருக்கிக்கொண்டால் பின்னர் செலவில்லை.

இரண்டாம் வரிசை, புல்பட்டை. அறுகும் கொழுக்கட்டைப்புல்லும் ஏற்றவை. வயலிலிருந்து வழியும் நீர் இப்புல்லில் மெதுவாகி, சுமந்து வரும் மண்ணை இங்கேயே இறக்கிவிடும். மண்ணோடு ஒட்டி வரும் மணிச்சத்தும் தங்கிவிடும். மாட்டுக்கு அறுத்துப் போடப் புல் கிடைக்கும். ஆனால் மாட்டைக் கரையில் அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது. குளம்பு பட்ட கரை மழையில் நிற்காது.

மூன்றாம் வரிசை, வயலோரத்தில் நொச்சியும் ஆடாதோடையும். இரண்டையும் ஆடு மாடு கடிக்காது. நொச்சித் தழை நெல் வயலுக்கு நல்ல தழை உரம். அதன் கோல் கூடை முடையவும் படல் கட்டவும் பயன்படும்.

மரம் வைக்க விரும்புவோர் திசை பார்த்து வைக்க வேண்டும். சம்பா பயிர்க் காலத்தில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். ஆகவே ஓடைக்குத் தெற்கே வயல் இருந்தால், கரையில் புங்கன், நாவல், நீர்மருது முதலியவற்றைத் தாராளமாக வைக்கலாம். நிழல் ஓடை மீது விழும், பயிருக்குக் கேடில்லை. ஓடைக்கு வடக்கே வயல் இருந்தால் புல்லும் குத்துச்செடியும் மட்டும் போதும். பனைக்கு நிழல் குறைவு; எந்தப் பக்கமும் வைக்கலாம். பனங்கொட்டைக்குக் காசு இல்லை, நடுவதற்கு அரை நாள் வேலை.

மார்கழி, தை: கரையோர 2 மீட்டரில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. தெளிப்பானை ஓடையில் கழுவக் கூடாது. யூரியாவை மழைக்கு முன் அள்ளித் தெளித்தால் பாதி ஓடைக்குத்தான் உரமாகும். அங்கே ஆகாயத்தாமரை செழித்து நீர்ப்போக்கை அடைக்கும்.

இடம் உள்ளவர்கள் ஓடைக்கு வரும் வழியில் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் பண்ணைக் குட்டை ஒன்று வெட்டலாம். ஒருமுறை நிரம்பினால் 50,000 லிட்டர். மழைக் காலத்தில் ஐந்து முறை நிரம்பி இறங்கினால் இரண்டரை லட்சம் லிட்டர் நீர் கிணற்றுப் பக்கம் திரும்பும்.

தனியாள் செய்வதும் ஊர் சேர்ந்து செய்வதும்

வெட்டிவேரைத் தனியாளாக நடலாம். ஓடையைத் தனியாளாகக் காக்க முடியாது. மேலே ஒருவர் அடைத்தால் கீழே பத்துப் பேர் செய்தது வீண். புதுச்சேரி உழவர்களுக்குக் கூட்டு முயற்சி புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாகூர் முதலிய இடங்களில் பாசன உழவர்கள் சேர்ந்த வேளாண் சங்கங்கள் ஏரியையும் வாய்க்காலையும் கவனித்து வந்தன. 1954-இல் ஆட்சி மாறிய பிறகு அப்பொறுப்பு மெல்ல மெல்ல அரசுத் துறைகளுக்குப் போயிற்று. ஊராரின் கை தளர்ந்தது. 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 84 ஏரிகளும் சீரமைக்கப்பட்டபோது, ஊர் தோறும் ஏரிச் சங்கங்கள் மீண்டும் அமைக்கப்பட்டன. நிலம் உள்ளோருடன் நிலமற்றோரும் பெண்களும் அவற்றில் இடம்பெற்றனர். திட்டம் முடிந்த பின்னும் சங்கத்தை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினமான வேலை.

பொதுச் சொத்தை மக்களே காக்க முடியுமா என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் 1990-இல் ஒரு நூல் எழுதினார். 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசும் பெற்றார். நீடித்து நிற்கும் பாசனச் சங்கங்களில் அவர் கண்ட பண்புகள் நம் ஊர் வழக்கத்திற்கு அயலானவை அல்ல. எல்லை தெளிவாக இருக்க வேண்டும். விதியை அதைப் பின்பற்றுவோரே செய்ய வேண்டும். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். முதல் தவறுக்குச் சிறு தண்டம், திரும்பச் செய்தால் பெரிய தண்டம். நீர்க்கட்டி வைத்துப் பாய்ச்சிய ஊர்களில் இவை எழுதாத சட்டங்களாகவே இருந்தன.

ஆகவே ஓர் ஓடையின் இரு கரை நிலத்தாரும் மழைக்கு முன் ஒரு நாள் கூடி, தலையிலிருந்து கடை வரை ஓடையை நடந்து பார்க்க வேண்டும். எங்கே குறுகியிருக்கிறது, எங்கே மதகு அடைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லையில் கல் நட வேண்டும். இரு பக்கமும் ஒரே நாளில் 2 மீட்டர் விட வேண்டும். யார் விட்டார், யார் விடவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மேல்மடை ஊர் தமிழகத்தில் இருந்தால் அவ்வூராரையும் அழைக்க வேண்டும். பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள்தானே, ஓடைக்காக ஒருமுறை கூடினால் குறைந்துவிடாது.

சமுதாயத்தின் கடமை

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சிறு உழவருக்கு நியாயம் செய்ததாகாது. ஓடையைக் காப்பதால் வரும் நன்மையில் பெரும்பங்கு கீழே உள்ளவர்களுக்கும் நகரத்தாருக்கும் போகிறது. பிரான்சு நாட்டில் மானியம் பெறும் உழவர்கள் நீரோடைக் கரையில் குறைந்தது 5 மீட்டர் அகலத்திற்குப் புல்பட்டை விட வேண்டும். மானியமும் பெறுகிறார்கள், நிலமும் விடுகிறார்கள். அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய நிலக் காப்புத் திட்டத்தில் இத்தகைய நிலத்திற்கு அரசு 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாடகை தருகிறது. நூறு குழிக்காரரிடம் 5 மீட்டர் கேட்பது முறையாகாது என்பதால்தான் இங்கு 2 மீட்டர் சொல்லப்படுகிறது. அதற்கும் வெட்டிவேர்த் தூர், மரக்கன்று, கரை கட்டும் ஆள் ஆகியவற்றை ஊரக வேலைத் திட்டங்கள் மூலம் கேட்டுப் பெறுவது உழவர் சங்கங்களின் உரிமை.

நகரத்தாருக்கும் இதில் பங்குண்டு. நகரைச் சுற்றிய நன்செய்கள் மனைகளானபோது முதலில் தூர்ந்தவை அவற்றின் வாய்க்கால்கள். ஒவ்வொரு பெருமழையிலும் ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த இடங்களில் வீட்டுக்குள் நிற்பது, தன் பழைய வழியைத் தேடிவந்த நீர்தான். நிலத்தை விற்க நேரும் உழவர், நீர்வழியைக் குறித்துக் காட்டி, அதை விட்டுத்தான் மனை பிரிக்க வேண்டும் என்று எழுத்தில் பெற்றுக்கொள்வது, வாங்குவோருக்கும் செய்யும் நன்மை ஆகும்.

தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள

1. என் நிலத்தோர ஓடையின் அகலம் என் தகப்பனார் காலத்தில் எவ்வளவு, இன்று எவ்வளவு?
2. சென்ற பெருமழையில் என் வயலில் நீர் எத்தனை நாள் நின்றது? அது எந்த வழியாக வடிந்தது?
3. என் கரையில் மண்ணைப் பிடித்து நிற்கும் வேர் எது?
4. எனக்கு மேலும் கீழும் உள்ள கரை நிலத்தாருடன் ஓடையைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினேன்?

நான்காம் கேள்விக்கு விடை இல்லாதவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். கன்று, தூர், செய்முறை விவரங்களுக்கு அருகிலுள்ள உழவர் உதவியகத்தையோ குருமாம்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். ஆயி தன் வீட்டையே குளமாக்கினாள் என்கிறது கதை. உழவர் பெருமக்களிடம் ஓடை கேட்பது இரண்டேகால் குழி மட்டுமே.